ஸ்ட்ரோக்குக்குப் பிறகு 'நல்ல கை' உண்மையிலேயே நல்ல கைதானா?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, இடது கை செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "பரவாயில்ல, வலது கை நல்லாத்தானே இருக்கு" என்றுதான் எல்லோரும் ஆறுதல் சொல்வோம். ஆனால், அந்த 'நல்ல கை'யிலும் பாதிப்பு இருக்கலாம். அது எப்படிப்பட்ட பாதிப்பு என்பது, மூளையின் எந்தப் பாதி அடிபட்டது என்பதைப் பொறுத்தது.

மூளையின் வலது பாதி இடது கையையும், இடது பாதி வலது கையையும் இயக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கீழே இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறுவதுதான் காரணம். ஆனால், சுமார் 10 சதவிகிதம் மாறாமல் அதே பக்கமாக இறங்குகின்றன. தவிர, எந்தக் கை அசைந்தாலும் இரண்டு பாதிகளுமே அதில் கைகொடுக்கின்றன.

இதில் யாருக்கு என்ன வேலை? அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் செயின்பர்க் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். வலது கைப் பழக்கம் உள்ளவர்களிடம், கை எந்தப் பாதையில் போக வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதில் இடது பாதி கெட்டி. போன கையை ஓரிடத்தில் ஆடாமல் நிறுத்துவதில் வலது பாதி கெட்டி என்பது அவர் கருத்து. பாட்டில் திறக்கும்போது கவனியுங்கள். இடது கை அசையாமல் பிடிக்கும், வலது கை மூடியைத் திருகும். சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கிறதும் ஒரு திறமைதான்!

அதனால், இடது பாதி பாதிக்கப்பட்டவரின் 'நல்ல' இடது கை, நேராகப் போகாமல் கோணலாகப் போகலாம். வலது பாதி பாதிக்கப்பட்டவரின் 'நல்ல' வலது கை, டம்ளர் பக்கத்தில் போய் சரியான இடத்தில் நிற்காமல் தடுமாறலாம். கை முற்றிலும் விழுந்தவருக்கு சட்டை பட்டன், சாப்பாடு, பாத்ரூம் எல்லாமே இந்த ஒரு கைதான். "சோம்பேறித்தனம்" என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வலது பாதி அடிபட்டவர்களில் சிலருக்கு இன்னொரு சிக்கல். இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்தில் வராது. தட்டின் இடது பாதியில் சாப்பாடு அப்படியே இருக்கும். இடது கையை மறந்தேவிடுவார்கள். இடது பாதி அடிபட்டவர்களுக்கோ பேச்சைப் புரிந்துகொள்வது கஷ்டமாகலாம். பயிற்சியை வாயால் சொல்லாமல், செய்து காட்டுங்கள்.

'அப்போ நல்ல கைக்கே எல்லாப் பயிற்சியும் கொடுத்துடலாமா?' கூடாது. பயன்படுத்தாமலே விட்டால், பலவீனமான கையை மூளை ஒதுக்கப் பழகிவிடும். எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சையில், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு மற்ற கையை வேலை வாங்குவார்கள். 2006-ல் வெளியான, 222 பேர் பங்கேற்ற எக்ஸைட் ஆய்வில் இரண்டே வாரப் பயிற்சி நல்ல முன்னேற்றம் தந்தது. ஆனால், மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது அசைபவர்களுக்குத்தான் இது. நீங்களே வீட்டில் கையைக் கட்டிப்போட வேண்டாம், விழுந்தால் ஆபத்து.

அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கும்போது, மூளையின் எந்தப் பக்கம் பாதிப்பு என்று கேளுங்கள். கூடவே, "அந்த நல்ல கையையும் ஒருமுறை டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லுங்கள்.