வெண்டைக்காயும் எண்ணூறு வருஷக் கொழகொழப்பும்

வெண்டைக்காய் சாப்பிட்டா கணக்கு நல்லா வரும்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க. நானும் நம்பி மூட்டை மூட்டையா தின்னேன். இஞ்சினியரிங்ல எம்-த்ரீ அரியர். அத்தோட அந்த நம்பிக்கை போச்சு, காய் மேல இருந்த ஆசை மட்டும் போகலை.

போன மாசம் காட்டாங்குளத்தூர்ல தனியா வீடு எடுத்தேன். இத்தனை வருஷம் ஹாஸ்டல் மெஸ், ஆபீஸ் கேண்டீன்னு ஓட்டினவன், முதல் ஞாயித்துக்கிழமை வீறுகொண்டு எழுந்து கால் கிலோ வெண்டைக்காய் வாங்கிட்டு வந்து பொரியல் பண்ணினேன். வாணலியில வந்தது பொரியல் இல்லீங்க, பசை. நாலு போஸ்டர் ஒட்டியிருக்கலாம்.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"நறுக்கிட்டுக் கழுவினியா?"

"ஆமா."

"தட்டு போட்டு மூடினியா?"

"ஆமா."

"உப்பு?"

"முதல்லயே போட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். எந்த லாகும் பார்க்காம மூணே கேள்வியில பக்கைப் பிடிச்சுட்டாங்க. அம்மாவுக்கு இது பாட்டி சொன்னது. பாட்டிக்கு யார் சொன்னாங்க? அங்கே ஆரம்பிச்ச தேடல்தான் இந்தப் பதிவு.

வெண்டையின் சொந்த ஊர் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்று தாவரவியல்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 1216இல் எகிப்துக்குப் போன அபுல் அப்பாஸ் அல்-நபாதி என்கிற ஸ்பெயின் நாட்டுத் தாவர ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1658இல் பிரேசிலில் இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டியது அடிமைக் கப்பல்களின் வழியில். ஆங்கிலத்தில் 'ஓக்ரா' என்பது மேற்கு ஆப்பிரிக்க இக்போ மொழிச் சொல். அமெரிக்காவின் லூசியானா பக்கம் வைக்கிற 'கம்போ' குழம்பின் பேர், பாண்டு மொழிகளில் வெண்டைக்கு வழங்கும் 'கிங்கோம்போ'விலிருந்து வந்தது. ஆட்களை விலைக்கு வாங்கினவன், அவர்கள் மொழியைக் காசு கொடுக்காமலே வாங்கிக்கொண்டான்.

இதுல வேடிக்கை என்னன்னா, கம்போவுக்கு அந்தக் கொழகொழப்புதான் வேணும். குழம்பைக் கெட்டியாக்குறதே அதுதான். நான் குப்பையில கொட்டினதை அங்கே ஒருத்தர் தேடித்தேடிப் போடுறார்!

காரணம் கெமிஸ்ட்ரி. காய்க்குள்ளே இருக்கிற அந்தப் பசை ஒரு பாலிசாக்கரைடு, அதாவது நீளநீளமான சர்க்கரைச் சங்கிலி. தண்ணி பட்டா ஊதி, விரிஞ்சு, நூல் விடும். நறுக்கிட்டுக் கழுவினா நாமே தண்ணி ஊத்துறோம். மூடினா ஆவி திரும்ப உள்ளேயே விழுது. முதல்லயே உப்பு போட்டா காயிலிருந்து தண்ணியை இழுத்து வெளியே விடுது. அம்மாவோட மூணு கேள்வியும் ஒரே கேள்விதான்: தண்ணி எங்கிருந்து வந்துச்சு?

நாலாவது அஸ்திரம் புளி. அந்தச் சங்கிலிகளில் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விரிந்து நிற்கின்றன. புளிப்பு சேர்ந்தால் மின்னூட்டம் குறைந்து சுருண்டுவிடும், வழவழப்பும் குறையும். வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, மோரில் ஊறவைத்துக் காயவைக்கிற வத்தல் எல்லாமே இந்தக் கணக்குதான். மலாய்க்காரர்களும் 'பெண்டி' என்று நம்ம ஊர்ப் பேரைச் சொல்லியே, புளி விட்ட அசாம் பெடாஸ் மீன் குழம்பில் போடுகிறார்கள்.

1824இல் மேரி ராண்டால்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 'தி வர்ஜீனியா ஹவுஸ்-வைஃப்' என்று ஒரு சமையல் புத்தகம் போட்டார். அதில் கம்போ உண்டு, வெண்டையும் தக்காளியும் சேர்த்துச் செய்கிற பதார்த்தமும் உண்டு. தக்காளி, அதாவது மறுபடியும் புளிப்பு! ஆனால் கடல் தாண்டி அந்தக் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தவர்களின் பேர் அதில் இல்லை. நம்ம ஊரில் 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதினார். செய்முறை கேட்டுச் சொந்தக்காரர்கள் எழுதுகிற கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் புத்தகமாகவே போட்டார் என்பார்கள். அவர் பேராவது அட்டையில் நின்றது. எங்க பாட்டி பேர் எந்த அட்டையிலும் இல்லை.

யோசிச்சுப் பார்த்தா, வீட்டுல வெண்டைக்காய் வதங்கும்போதெல்லாம் அக்காவை "இங்க வந்து பாருடி"ன்னு கூப்பிடுவாங்க. என்னை டியூஷனுக்கு அனுப்புவாங்க. காய் எனக்கு, கரண்டி அவளுக்கு. எனக்கு யாரும் சொல்லித் தரலை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனா அக்காவும் என்னை மாதிரிதான் ஆபீஸ் போறா, போய் வந்து கரண்டியும் பிடிக்கிறா.

அடுத்த ஞாயிறு மறுபடி வாங்கினேன். கழுவி, துணியில துடைச்சு, ஃபேன் காத்துல உலரவிட்டு அப்புறம் நறுக்கினேன். அகலமான இரும்பு வாணலி, தாராளமா எண்ணெய், மூடி கிடையாது, சும்மா கிண்டவும் இல்லை. நூல் விட ஆரம்பிச்சதும் ரெண்டு ஸ்பூன் புளித்தண்ணி. உப்பு கடைசியில. தனித்தனியா, மொறுமொறுன்னு வந்துச்சு.

போட்டோ அனுப்பினேன். அம்மா போன்ல சொன்னது ஒரே வரி: "இருபத்தெட்டு வயசுலயாவது கேட்டியே."

சரி மக்களே, உங்க வீட்டுல புளியா, மோரா, எலுமிச்சையா? சொல்றதுக்கு முன்னாடி, அதை உங்க வீட்டுல யார்கிட்ட கேட்டீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.