வூர்ட்ஸ்பர்க்கில் புறப்பட்ட கதிர்

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது, உயிரோடிருக்கும் மனிதனின் எலும்பைப் பார்க்க முடிகிறதே என்றுதான் உலகம் வாயைப் பிளந்தது. அந்தக் கதிர் மருந்தாகவும் மாற அதிக நாள் ஆகவில்லை. 1899-இல் ஸ்டாக்ஹோமில் தோர் ஸ்டென்பெக், டாகே சியோக்ரென் என்ற இரு மருத்துவர்கள் அதைத் தோல் புற்றின் மீது திருப்பினார்கள். ஸ்டென்பெக்கிடம் வந்த பெண்ணுக்கு மூக்கில் புற்று. மாதக்கணக்கில், கிட்டத்தட்ட 100 தடவை கதிர் கொடுத்தார்கள். புண் ஆறிவிட்டது.

கதிரை உண்டாக்கிய அன்றைய கண்ணாடிக் குழாய்களை நம்ப முடியாது. இன்று ஒரு அளவு, நாளை ஒரு அளவு என்று கதிர் வரும். 1913-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் கூலிட்ஜ் செய்த குழாய்தான் கதிரைச் சீராக்கியது. அதன் பிறகு தோல் மருத்துவர்களின் சொந்த கிளினிக்குகளுக்கே இந்தக் கருவி வந்து சேர்ந்தது. வந்ததோடு நிற்கவில்லை. முகப்பருவுக்கும் கதிர், குழந்தைகளின் தலைப் படைக்கும் கதிர் என்று தாராளமாகக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துத் தலையிலும் கழுத்திலும் புற்று வந்தது. இந்தக் கதிரின் வரலாற்றில் மன்னிக்க முடியாத அத்தியாயம் அது. இன்றும் பலர் இதைக் கண்டு தயங்குவது வீண் பயமல்ல.

அதே காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் மோஸ் என்ற மருத்துவர் இன்னொரு வழியைக் கண்டிருந்தார். கட்டியை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்று இல்லாத இடம் வந்ததும் நிறுத்துவது. மோஸ் அறுவை பரவப் பரவ எக்ஸ்ரே கருவிகள் மூலைக்குப் போயின.

இடையில், 1965 ஜூலை 30 அன்று, மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் ஊரில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் அட்டை முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு அது. தோல் புற்றுக்கு ஆளாகிறவர்களில் பெரும் பங்கினரும் அந்த வயதுக்காரர்களே. 2012-இல் மட்டும் அமெரிக்காவில் 33 லட்சம் பேருக்கு, மெலனோமா என்ற கடுமையான வகையைச் சேராத 54 லட்சம் தோல் புற்றுகளுக்குச் சிகிச்சை நடந்ததாகக் கணக்கு. இவை பெரும்பாலும் மெதுவாக வளர்பவை, உயிரை எடுப்பது அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் காதையும் அரித்துவிடும்.

மூலைக்குப் போன கருவி இந்த நூற்றாண்டில் சிறிய உருவில் திரும்பி வந்தது. நோயாளி சாய்நாற்காலியில் படுக்கிறார். கட்டியின் மேல் ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் முனையை வைத்து, கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று பார்க்கிறார்கள். மெல்லிய ஈயத்தகட்டில் கட்டியைவிடச் சற்றே பெரிய ஓட்டை வெட்டி முகத்தில் பொருத்துகிறார்கள். கட்டி கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் கண்ணுக்குத் தனிக் கவசம். கதிர் 50 முதல் 100 கிலோவோல்ட் வரைதான். அதன் ஆற்றல் தோலின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சற்று நேரத்தில் முடிந்துவிடுகிறது, வலி இல்லை. இப்படிச் சுமார் 20 தடவை. சில வாரங்களில் அந்த இடம் வெயிலில் வெந்ததுபோல் சிவந்து, பொருக்கு கட்டி, உதிரும்.

இந்தச் சிகிச்சைக்கான பில் மெடிகேருக்கு நீண்ட காலம் 77401 என்ற எண்ணில் போனது. ஒரு நாள் கதிர் கொடுத்ததற்கான எண் அது. ஒவ்வொரு தடவையும் அல்ட்ராசவுண்டுக்கும் சேர்த்து பில் போகும்போது தொகை ஏறுகிறது. சண்டை இங்கேதான் தொடங்குகிறது. அறுவை செய்பவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: ஒரே நாளில் முடிவதற்கு ஏன் 20 நாள்? பிரான்சில் முகத்தில் பேசல் செல் என்ற வகைத் தோல் புற்றுள்ள 347 பேரை வைத்து நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், நான்காண்டு முடிவில் அறுவை தவறியது 0.7 சதவீதம், கதிர் தவறியது 7.5 சதவீதம். அதில் பலருக்குக் கொடுத்தது வேறு வகைக் கதிர், அல்ட்ராசவுண்ட் துணையும் கிடையாது என்பது உண்மை. இருந்தாலும் இந்த எண்களைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் 2018 வழிகாட்டுதலும் அறுவையைத்தான் முன்னால் வைக்கிறது. அது முடியாதவர்களுக்குக் கதிர் என்கிறது.

அந்த முடியாதவர்களைப் பற்றித்தான் என் கவலை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், மறதி நோயால் ஊசியைக் கண்டதும் கையைத் தட்டிவிடுகிறவர், மூக்கு நுனியை வெட்டினால் தையல் போடத் தோல் இல்லாதவர். அவர்களுக்கு 20 தடவை காரில் போய்வருவதும் சிரமம்தான், அழைத்துப் போக ஆள் வேண்டும். ஆனாலும் அவர்களுக்கு இருக்கும் வழி குறைவு. அதையும் அடைப்பது சிக்கனம் ஆகாது.

மெடிகேர் சட்டப்படி பணம் கிடைப்பது நியாயமும் அவசியமும் உள்ள சிகிச்சைக்கு மட்டும். எது அவசியம் என்று பல விஷயங்களில் தீர்மானிப்பது, நாட்டை 12 பகுதியாகப் பிரித்து நிர்வகிக்கும் ஒப்பந்த நிறுவனங்கள். அதனால் ஒரு மாநிலத்தில் கிடைப்பது பக்கத்து மாநிலத்தில் கிடைக்காமல் போகலாம். புதிய விதி கொண்டுவர வேண்டுமானால் வரைவை வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது 45 நாள் தர வேண்டும். அந்த நாட்களில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எல்லோருக்கும் கொடு என்றல்ல, பயாப்ஸி முடிவும் அறுவை செய்யாததற்கான காரணமும் கோப்பில் இருந்தால் மறுக்காதே என்று.

மறுப்பு வந்தாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். அரசு நேரடியாக நடத்தும் மெடிகேரில், முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேலும் நான்கு படிகள் உண்டு. மனுவோடு, இவருக்கு ஏன் கத்தி வைக்க முடியாது என்று விளக்கும் மருத்துவரின் கடிதத்தைக் கட்டாயம் இணையுங்கள்.