கீழ்ப்பாக்கத்துக் கஷாயம்

சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கியது 1960-இல்தான். அதற்கு முந்தைய முப்பத்தைந்து ஆண்டுகள் அதே இடத்தில் வேறு பாடம் நடந்தது: சித்தம், ஆயுர்வேதம், யுனானி.

கதை ஒரு எரிச்சலில் தொடங்குகிறது. நாட்டு மருந்துகளை ஆராயும்படி 1918-இல் டாக்டர் கோமனிடம் சென்னை மாகாண அரசு சொன்னது. ஆங்கில மருத்துவம் படித்த அவர் சில மருந்துகளை மெச்சினாலும், வைத்தியர்களின் முறை அறிவியலுக்கு ஒவ்வாது என்று முடித்தார். வைத்தியர்கள் கொதித்தார்கள். 1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைந்தது. செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. ராணுவத்தில் டாக்டராக இருந்தாலும் ஆயுர்வேதத்தில் தோய்ந்தவர்.

குழு நாடெங்கும் வைத்தியர்களுக்குக் கேள்விப்பட்டியல் அனுப்பியது. உங்கள் முறையின் கோட்பாடு என்ன, அது அறிவியலுக்குப் பொருந்துமா என்பது கேள்விகளின் சாரம். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாடி பிடிக்கப் பழகியவர், அரசாங்கத்துக்கு எழுத்தில் விடை சொல்ல வேண்டிய நிலை! ஆனாலும் பல மொழிகளில் விடைகள் வந்தன. 1923-இல் அறிக்கையுடன் அவையும் அச்சாயின. பனகல் அரசர் மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தபோது கீழ்ப்பாக்கத்தில் பள்ளி எழுந்தது, சீனிவாசமூர்த்தியே அதன் முதல்வரானார்.

பள்ளி என்றால் பாடநூல் வேண்டும். சித்த நூல்களோ செய்யுளில் இருந்தன. போதாக்குறைக்குப் பரிபாஷை வேறு: ஒரே சரக்குக்குப் பல மறைபெயர்கள், ஒரே பெயரில் பல சரக்குகள். குருவிடம் கேட்டால்தான் விளங்கும். இந்தப் பூட்டைத் திறக்க முனைந்தவர் வைத்தியர் அல்ல. போலீஸ் துறையில் வேலை பார்த்த டி.வி. சாம்பசிவம் பிள்ளை. அவருடைய மாபெரும் தமிழ்–ஆங்கில மருத்துவ அகராதி 1930களில் வெளிவரத் தொடங்கியது. போலீஸ் துறைப் பழக்கம் இதற்குத்தான் உதவியதோ என்னவோ.

கீழ்ப்பாக்கத்து மாணவர் இரண்டையும் படித்தார். ஓலைச்சுவடியின் மருந்துமுறையும் ஆங்கில உடற்கூறும் ஒரே பாடத்திட்டத்தில். சுதந்திரத்துக்குப் பின் அது கல்லூரியானது, ‘ஒருங்கிணைந்த மருத்துவம்’ என்று பெயரும் பெற்றது, ஜி.சி.ஐ.எம். என்ற பட்டம் கொடுத்தது. ஆனால் தராசின் ஒரு தட்டு கனத்துக்கொண்டே போனது. ஊசியும் ஸ்டெதாஸ்கோப்பும் கையில் இருக்கும் டாக்டரை நோயாளி எந்தப் பக்கம் இழுப்பார்? சேர்ப்பதற்காகக் கட்டிய வீட்டில் விருந்தாளி நின்றுகொண்டார், வீட்டுக்காரர் வெளியேறினார். 1960-இல் நடந்தது அதுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1964-இல், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி பிறந்தது. இந்த முறை தனிக்குடித்தனம். 1970-இல் மத்திய அரசு இந்திய மருத்துவத்துக்குச் சட்டம் கொண்டுவந்து பட்டத்தையும் பதிவையும் வரையறுத்தது. கல்லூரி வாசலை மிதிக்காத பரம்பரை வைத்தியர்களின் வாரிசுகளுக்குப் பதிவின் கதவு குறுகிப்போனது. ஒருங்கிணைப்பைப் பேசுபவர்கள் இந்த இழப்புக் கணக்கை அபூர்வமாகத்தான் சொல்கிறார்கள். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறந்தது. அதே ஆண்டு தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் வழியே, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவர்களுக்கும் ஓர் அறை கிடைத்தது.

அந்த அறைக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தது காய்ச்சல். 2006-இல் சிக்குன்குனியா, 2012-இல் டெங்கு. ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீரைச் சுகாதாரத் துறையே தெருத்தெருவாகக் காய்ச்சி ஊற்றியது. 2020-இல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரின் முறை. ஆய்வுச் சான்று போதுமா என்று ஆங்கில மருத்துவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், கோமன் காலத்திலிருந்தே அது நின்றுகொண்டிருக்கிறது.

இன்று சுகாதார நிலையத்தில் ஒரே மஞ்சள் பையில் சர்க்கரை மாத்திரையையும் சூரணப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பும் பாட்டி, கடைசியாக ஒன்று கேட்பார்: இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடணும்?