ஆபீஸ் கம்ப்யூட்டரை 'லாக்' செய்தால் போதுமா? தானாக 'லாக்-ஆஃப்' ஆக வைப்பது எப்படி?

ஒரு கம்ப்யூட்டர், மூன்று ஷிஃப்ட், ஆறு பேர். மருத்துவமனை ரிசப்ஷன், இ-சேவை மையம், குடோன் பில்லிங் கவுன்ட்டர் என பல இடங்களில் இதுதான் நிலவரம். காலை ஷிஃப்டில் இருந்தவர் திரையை அப்படியே விட்டுவிட்டு சாப்பிடப் போகிறார். அடுத்து வந்து உட்காருபவர் போடும் பில், திருத்தும் பதிவு, அனுப்பும் மெயில் எல்லாமே முதல் நபரின் பெயரில்தான் ஏறும்.

பிறகு கணக்கில் குளறுபடி என்று வந்தால் சிஸ்டம் காட்டுவது லாகின் பெயரை மட்டும்தான். அந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தது யார் என்பது அதற்குத் தெரியாது. "நான் இல்லைங்க" என்று நிரூபிக்க வேண்டிய பாரம், எழுந்து போனவர் தலையில் விழும்.

லாக் வேறு, லாக்-ஆஃப் வேறு

விண்டோஸ் பட்டனையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இது லாக். திறந்திருந்த ஃபைல்கள், ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்கள் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். பாஸ்வேர்டு போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

லாக்-ஆஃப் என்பது, புதிய விண்டோஸில் 'சைன் அவுட்' என்று இருப்பது. எல்லா புரோகிராம்களையும் மூடி, அந்தப் பயனரை முழுமையாக வெளியே அனுப்பிவிடும்.

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு லாக் தாராளமாகப் போதும். பலர் பயன்படுத்தும் இடத்தில்தான் சிக்கல். ஒருவர் லாக் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்தவர் தன் பெயரில் உள்ளே நுழைந்தாலும் பழையவரின் புரோகிராம்கள் பின்னணியில் மெமரியைத் தின்றுகொண்டே இருக்கும். இப்படி நாலு பேர் விட்டுப்போனால் "சிஸ்டம் ஸ்லோ" என்ற புலம்பல் ஆரம்பித்துவிடும். ஒருவர் திறந்து வைத்த எக்செல் ஃபைலை இன்னொருவர் திருத்தவும் முடியாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நிலைமை இன்னும் மோசம். ஆபீஸ் டொமைனில் இணைந்த கம்ப்யூட்டரை ஒருவர் பூட்டிவிட்டால், அவரோ அட்மினோதான் திறக்க முடியும். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் உடனே லாக்-ஆஃப் செய்துவிடலாமே?

இங்கேதான் கவனம் வேண்டும். கட்டாயமாக லாக்-ஆஃப் செய்தால், சேமிக்காத வேலை போயே போய்விடும். அரை மணி நேரம் தட்டச்சு செய்த அறிக்கையை 'சேவ்' செய்யாமல் போனில் பேசப் போனவர், திரும்பி வரும்போது காலி திரையைத்தான் பார்ப்பார். ஒருமுறை இப்படி நடந்தால் போதும், ஊழியர்கள் மவுஸை ஆட்டி ஆட்டி கம்ப்யூட்டரை 'விழித்திருக்க' வைக்கும் வழிகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கட்டாயப்படுத்தாத லாக்-ஆஃபிலும் தொல்லை உண்டு. "சேவ் செய்யவா?" என்று கேட்டபடி ஒரு புரோகிராம் நின்றுவிட்டால், பதில் சொல்ல ஆள் இல்லாமல் எல்லாமே அங்கேயே தொங்கும்.

அதனால் இரண்டு படியாக வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். சில நிமிடங்கள் அசைவு இல்லையென்றால் முதலில் லாக். நீண்ட நேரம் யாரும் வரவில்லையென்றால், முன்னறிவிப்புடன் லாக்-ஆஃப்.

செட்டிங் எங்கே இருக்கிறது?

முதல் படி சுலபம். விண்டோஸ் 8 முதல், பாதுகாப்புக் கொள்கைகளில் 'மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட்' என்ற அமைப்பு இருக்கிறது. நேரத்தை நொடிக் கணக்கில் தர வேண்டும். 15 நிமிடம் என்றால் 900. இது பூட்ட மட்டுமே செய்யும், வெளியேற்றாது. பலர் குழம்புவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது படிக்கு, மேசை மேல் இருக்கும் சாதாரண பிசியில் நேரடியான பட்டன் எதுவும் இல்லை. விண்டோஸ் என்டி காலத்தில் 'வின்எக்ஸிட்' என்ற ஸ்கிரீன் சேவரை மைக்ரோசாஃப்ட் தனித் தொகுப்பில் கொடுத்தது. அது ஓட ஆரம்பித்தால் பயனர் வெளியேற்றப்படுவார். இன்று பெரும்பாலான அட்மின்கள் 'டாஸ்க் ஷெட்யூலர்' மூலம், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது லாக்-ஆஃப் கட்டளை ஓடும்படி அமைக்கிறார்கள். அந்தக் கட்டளை அந்தந்தப் பயனரின் பெயரிலேயே ஓட வேண்டும். சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டால், உட்கார்ந்திருப்பவர் வெளியேற மாட்டார்.

சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்யும் அலுவலகங்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சும்மா இருக்கும் இணைப்புகளுக்கு நேர வரம்பு வைக்க குரூப் பாலிசியிலேயே வசதி உண்டு. துண்டிக்கும் முன் 2 நிமிடம் எச்சரிக்கையும் வரும்.

எத்தனை நிமிடம் சரி?

கார்டு பணப்பரிவர்த்தனை விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான 'பிசிஐ டிஎஸ்எஸ்' விதி, 15 நிமிடத்துக்கு மேல் அசைவு இல்லையென்றால் மறுபடி லாகின் கேட்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் 'ஹிப்பா' மருத்துவத் தகவல் விதிகளில் தானியங்கி லாக்-ஆஃப் தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. நிமிடக் கணக்கை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். பொதுமக்கள் எட்டிப் பார்க்கக்கூடிய கவுன்ட்டரில் 15 நிமிடம் என்பதே அதிகம்தான்.

இந்தியாவில், அடுத்தவரின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தனிநபர் தரவுகளுக்கு உரிய பாதுகாப்பு தராத நிறுவனங்களுக்கு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

எல்லோருக்கும் ஒரே லாகின் என்றால்?

'ஆபீஸ்' என்று ஒரே யூசர் பெயர், மானிட்டரில் ஒட்டிய சீட்டில் பாஸ்வேர்டு. இப்படி இருக்கும் இடத்தில் மேலே சொன்ன எதுவும் பெரிதாக உதவாது. லாக்-ஆஃப் ஆகி மறுபடி உள்ளே வந்தாலும், முன்னவர் பிரவுசரில் விட்டுப்போன ஜிமெயிலும் வாட்ஸ்அப் வெப்பும் திறந்தபடியே இருக்கும். ஆளுக்கொரு யூசர் கணக்கு உருவாக்குவதற்கு விண்டோஸில் தனிச் செலவு கிடையாது.

அதுவரை, சந்தேகம் இருப்பவர்கள் கையில் இருக்கும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குள் போனால், உங்கள் கணக்கு எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். தெரியாத பெயரைத் தொட்டு லாக்-அவுட் கொடுத்தால் அந்தக் கம்ப்யூட்டரில் மூடிவிடும். கூகுள் கணக்கிலும் 'பாதுகாப்பு' பக்கத்தில் இதேபோல் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது.