இந்தோனேசிய ஐக்கியக் குடியரசு (1949–1950)

இந்தோனேசியா இன்று ஒற்றையாட்சி நாடு. இடையில் எட்டு மாதம்கூட நிறையாத ஒரு கூட்டாட்சிக் காலமும் அதற்கு உண்டு: 1949 டிசம்பர் 27 முதல் 1950 ஆகஸ்ட் 17 வரை.

சுகர்ணோவும் ஹத்தாவும் 1945-இல் அறிவித்த குடியரசு ஜாவாவிலும் சுமத்ராவிலும் வேர்விட்டிருந்தது. அதை ஓரங்கட்ட, தங்கள் பிடியில் இருந்த பகுதிகளை டச்சுக்காரர்கள் தனித்தனி மாநிலங்களாக்கினர். திட்டத்தின் சூத்திரதாரி டச்சு நிர்வாகத் தலைவர் வான் மோக். 1946 டிசம்பரில் கிழக்கு இந்தோனேசியா உருவானது. ஓராண்டு கழித்துக் கிழக்குச் சுமத்ரா. டெலி புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்கள் மாரியம்மன் கோயில் எழுப்பிக் குடியேறிய மேடான் நகரம் இதில்தான் இருந்தது. 1946 கலவரத்தில் கவிஞர் அமீர் ஹம்சா உட்படப் பலரைப் பறிகொடுத்த மலாய்ப் பிரபுக்கள் இந்த மாநிலத்தை விரும்பியே ஏற்றனர். வான் மோக்கின் மாநிலங்கள் மேசைமேல் வரைந்தவை. ஆனாலும் அவை வெறும் பொம்மைகள் அல்ல. 1948 டிசம்பரில் டச்சுப் படை குடியரசின் தலைநகரான யோக்யகர்த்தாவைப் பிடித்துத் தலைவர்களைச் சிறைப்படுத்தியபோது, கிழக்கு இந்தோனேசிய அமைச்சரவையே எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகியது.

அடுத்த மாதம் நேரு டெல்லியில் ஆசிய மாநாடு கூட்டினார். உலக நெருக்குதல் முற்றவே, ஹேக் வட்டமேசை மாநாட்டில் டச்சு அரசு இறங்கி வந்தது. அப்படிப் பிறந்த கூட்டாட்சியில் 7 மாநிலங்கள், 9 தன்னாட்சிப் பகுதிகள். சுகர்ணோ அதிபர், ஹத்தா பிரதமர். கூடவே சுமார் 430 கோடி கில்டர் கடனும் புதிய நாட்டின் தலையில் ஏறியது. மேற்கு நியூகினி டச்சுக்காரர் வசமே நின்றது.

கூட்டாட்சியின் கதையை முடித்தது பாண்டுங். 1950 ஜனவரி 23-இல் டச்சு முன்னாள் அதிகாரி வெஸ்டர்லிங் அங்கே கிளர்ச்சி செய்து தோற்றார். உடந்தை என்று சந்தேகிக்கப்பட்டுக் கைதானவர் பொந்தியானாக் சுல்தான் இரண்டாம் ஹமீது. இன்றும் நாட்டின் சின்னமாக உள்ள கருடனை வடிவமைத்தவர் அவரே! அதன்பின் 'கூட்டாட்சி' என்றாலே டச்சுச் சூழ்ச்சி என்ற எண்ணம் பரவ, மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் குடியரசில் கரைந்தன. மே மாதம் மிஞ்சியவை மூன்றே. அந்த மாதம் 19-இல் ஒற்றையாட்சிக்கு உடன்பாடு கையெழுத்தானது.

மலுக்குத் தீவுகளில் உள்ள அம்போன் மட்டும் இணங்கவில்லை. தென் மலுக்குக் குடியரசு என ஏப்ரலிலேயே பிரிவினை அறிவித்திருந்தது. அந்த எழுச்சி ஒடுக்கப்பட்டபின், டச்சுப் படையில் இருந்த மலுக்கு வீரர்களும் குடும்பத்தினருமாகச் சுமார் 12,500 பேர் 1951-இல் நெதர்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர்.