நடுச்செவியில் ஓர் இணைப்பு

கொழும்பிலிருந்து கண்டி மாநகருக்குப் புகையிரதம் முதன்முதலாக வந்து சேர்ந்த ஆண்டு 1867. கடுகண்ணாவை மலையேற்றத்தில் அது வளைந்து வளைந்து ஏறுங் காட்சியைக் காண்போர் எஞ்சினின் ஆற்றலையே வியப்பர். பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கியை நோக்குவோர் மிகச் சிலரே. ஆயினும் கொக்கி நழுவுமாயின் எஞ்சினின் வலிமை முழுவதும் வீணாகும். மனிதச் செவிக்குள்ளும் இத்தகைய இணைப்பு உண்டு. இழந்த செவிப்புலனை மீட்க முயன்ற மருத்துவத்தின் வரலாறு, பெரிதும் அவ்விணைப்பைத் தேடிய வரலாறேயாகும்.

செவிப்பறைக்கு அப்பாலுள்ள நடுச்செவியிலே சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றென்புகள் தொடராக அமைந்துள்ளன. செவிப்பறையின் அதிர்வை வாங்கி, நீள்வட்டப் பலகணியின் வழியாக உட்செவித் திரவத்திற்கு அளிப்பது அவற்றின் தொழில். உடலின் மிகச் சிறிய என்பாகிய அங்கவடி இறுகிவிட்டால் கேள்வி குன்றும். 1956 இல் அமெரிக்க மருத்துவர் ஜோன் ஷே அவ்வென்பை அகற்றி, டெஃப்லோனாற் செய்த செயற்கை அங்கவடியைப் பொருத்தி வெற்றி கண்டார்.

உட்செவியே தளர்ந்தவர்களுக்கோ இது போதாது. அவர்களுக்கு அதிர்வைப் பெருக்கித் தரல் வேண்டும். பின்லாந்து நாட்டு அறிஞர் வில்ஸ்கா 1935 இலேயே செவிப்பறையின்மீது இரும்புத் துகளை இட்டு, மின்காந்தத்தால் அதனை அசைத்து ஒலியை உணரச் செய்தார். அவ்வெண்ணம் முதிர்ந்து பயன்தர அறுபது ஆண்டுகள் சென்றன. இளமையிலேயே செவிப்புலன் குன்றிய அமெரிக்கப் பொறியியலாளர் ஜெஃப்ரி போல், சுருள்கம்பிக்குள் காந்தம் அசையும் நுண்கருவி ஒன்றை ஆக்கினார். அதன் நிறை ஏறத்தாழ 25 மில்லிகிராம். 1996 இல் சூரிச் நகரிலே பேராசிரியர் ஊகோ ஃபிஷ் அதனை முதன்முறையாக ஒருவருக்குப் பொருத்தினார். பட்டடை என்பின் நீண்ட கிளையிலே சிறு கவ்வி கொண்டு கருவி பிணைக்கப்பட்டது.

இங்கேதான் இடர் எழுந்தது. நெடுநாள் சீழ் வடியும் காதிலே நோய் பெரும்பாலும் முதலில் அரிப்பது பட்டடையின் அந்தக் கிளையைத்தான். கருவி இருந்தும், மாட்டுதற்கு இடமில்லை! இதற்கு வழி கண்டவர் இத்தாலியின் வெரோனா நகரத்து மருத்துவர் விட்டோரியோ கொலெட்டி. என்புத் தொடரையே விடுத்து, உட்செவியின் மற்றொரு வாயிலாகிய வட்டப் பலகணியிலே கருவியை அமர்த்திய முறையை 2006 இல் அவர் வெளியிட்டார். சவ்வுக்கும் கருவிக்கும் இடையே மெல்லிய இழையம் ஒன்றை வைப்பதுமுண்டு. சுற்றியுள்ள என்பில் கருவி முட்டினால் அதிர்வு வீணாகும்; சவ்விற் படியாது விலகினாலும் ஒலி சென்று சேராது. எஞ்சியுள்ள அங்கவடியின் தலையிலே மாட்டும் கவ்விகளும் பின்னர் வந்தன. எவருக்கு எந்த இணைப்பு ஏற்றது என்பதை நோய் விட்டுவைத்த என்புகளே தீர்மானிக்கின்றன.

இவ்வரலாறு கண்டி மலைச்சாரலில் வாழ்வோர்க்குத் தொலைவானதன்று. ஷேயின் சாதனைக்கு ஆறாண்டுகளின் பின், 1962 இல், பேராதனையிலே மருத்துவ பீடம் தோன்றியது. கண்டிப் பெரியாஸ்பத்திரியிலே காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் பணிபுரிகின்றனர். நுண்கருவியின் விலையோ தோட்டத் தொழிலாளியின் குடும்பத்துக்கு எட்டாதது. ஆனால் அக்கருவி தேவைப்படாதவாறு காக்கும் வழி எட்டக்கூடியதே. குழந்தையின் காதிற் சீழ் வடியும்போது, “வளர்ந்தால் தானே நின்றுவிடும்” என்று எண்ணெய் வார்த்துக் காத்திருத்தல் தகாது. காதை உலர்வாக வைத்து, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வகுப்பின் பின்வாங்கிலே விடைகூறாது அமர்ந்திருக்கும் சிறுவனை மந்தன் என்று பலர் முடிவு கட்டுகின்றனர். வினா அவன் செவியை எட்டியதா என்பதே முதலில் ஆராயத்தக்கது. கல்விக்குப் போலவே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசுவோர், அக்கேள்வி நுழையும் வாயிலைப் பேணாதிருத்தல் முறையாகாது.