கடைசிக் கேள்வி முன்னே வந்த கதை

1930களின் தொடக்கம் வரை அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் பாடத்தைத் தீர்மானித்தவை கல்லூரிகளே. கல்லூரியில் சேர எந்தெந்தப் பாடம் வேண்டும் என்ற கணக்கே வகுப்பறையை ஆண்டது. ஆனால் படித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்குப் போகவே இல்லை. 1933-இல் சுமார் 30 பள்ளிகள் 'எட்டாண்டு ஆய்வு' என்ற சோதனையில் இறங்கின. அவற்றின் மாணவர்களுக்காக வழக்கமான சேர்க்கை நிபந்தனைகளைத் தளர்த்தப் பல கல்லூரிகள் சம்மதித்தன.

கட்டு அவிழ்ந்ததும் புதுச் சிக்கல் முளைத்தது. பள்ளிக்குப் பள்ளி பாடம் வேறாக இருக்கும்போது, பிள்ளைகள் தேறினார்களா என்று எதை வைத்துச் சொல்வது? மதிப்பீட்டுப் பொறுப்பு ரால்ஃப் டைலரிடம் வந்தது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேர்வுகளைச் சீரமைக்க உதவியவர் அவர். தேர்வுகள் பெரும்பாலும் மனப்பாடத்தையே அளக்கின்றன என்பதை அங்கே கண்டிருந்தார். அதனால் ஆசிரியர்களிடம் முதலில் கேட்டது இதைத்தான்: படித்து முடித்த மாணவர் என்ன செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும்?

அந்த அனுபவம் 1949-இல் ஒரு சிறு நூலாயிற்று. அதில் நான்கு கேள்விகள்: நோக்கம் என்ன, அதற்கு உதவும் அனுபவங்கள் எவை, அவற்றை எப்படி ஒழுங்குபடுத்துவது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது? டைலரிடம் பயின்ற பெஞ்சமின் புளூம், 1956-இல் தம் குழுவினரோடு அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்தியத் தேர்வுச் சீர்திருத்தத்துக்கும் அவர் ஆலோசனை சொன்னார். நம் பி.எட். மாணவர்கள் பாடக்குறிப்பில் எழுதும் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் எல்லாம் அந்த வழி வந்தவையே.

டைலரின் வரிசையில் மதிப்பீடு நான்காவதாக நின்றது. 1998-இல் கல்வியாளர்களான கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் அதை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் இலக்கு, அடுத்து, அதை எட்டியதற்கான சான்று, கற்பிக்கும் முறை கடைசியில்தான். பக்கம் பக்கமாகப் பாடத்தை முடிப்பதும், நோக்கமில்லாமல் செயல்பாடுகளை அடுக்குவதும் ஒரே தவறின் இரு முகங்கள் என்றார்கள்.

மிதத்தல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்று மாணவர் விளக்க வேண்டும் என்பது இலக்கு. நீரில் மூழ்கும் களிமண் உருண்டையை மிதக்கும்படி மாற்றி, காரணமும் சொல்வது சான்று. இவ்விரண்டும் முடிவானால் எந்தச் சோதனை தேவை, எந்தப் பத்தியை விடலாம் என்பது ஆசிரியருக்கே தெளிவாகிவிடும். வரையறையை ஒப்பிப்பது போதாது என்பதும் விளங்கும்.

பாடக்குறிப்பில் நோக்கங்களை எழுதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. சான்றை முன்கூட்டியே எழுதும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆசிரியர்களே, அடுத்த அலகைத் திட்டமிடும்போது அதன் கடைசிக் கேள்வியை முதலில் எழுதுங்கள். வகுப்புக்கான வழி அதிலிருந்து பிறக்கும்.